கண்ணாடி அலுமாரிக்குள் ஒட்டகச்சிவிங்கி

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். கலியாண வீடுகளிலும், விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகும் வான்களிலும், லண்டன் பெரியப்பா விடுமுறைக்கு வந்து நிற்கும் நாட்களிலும் இது பல முறை சொல்லப்பட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகேறி, இப்போது ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே ஆகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் எது எந்த மாதம் நடந்தது, எதற்குப் பிறகு எது வந்தது என்று ஒழுங்குபடுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்க்கும்போது இதில் சிரிப்பதற்கு மிகக் கொஞ்சமே இருக்கிறது. ஆகவே மெருகைச் சுரண்டிவிட்டு எழுதுகிறேன்.

வருடம் 2011. அதற்கு முந்தின வருடம் என்று அம்மா சாதிப்பார், பிழை. உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் எங்கள் இலங்கை தோற்ற பிறகுதான் பெரியப்பாவின் பெட்டி வந்தது. அந்தத் துக்கத்தில் கீழ்வீட்டுக்காரர் தன் டீவியைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். பெட்டியைப் படியேற்றும்போது, “புது டீவியோ? இனி ஆர் பாக்கிறது!” என்று முதலில் கேட்டவர் அவர்தான். கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தெருக்களில் வெசாக் பண்டிகையின் காகித விளக்குக் கூடுகள் இன்னும் கழற்றப்படவில்லை. ஆகவே அது மே மாதத்தின் பின்பாதி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் அப்போது வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் உள்ளது கண்ணாடியால் திருத்தக்கூடிய குறை அல்ல என்று கண் ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு கண்ணாடியும் எழுதித் தந்திருந்தார். மூக்கில் முட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்துத் தெரியும். கரும்பலகை எனக்கு ஒரு கறுப்புச் சதுரம். அதன்மேல் கொஞ்சம் வெள்ளைப் புகை. மனித முகங்களும் ஏறக்குறைய அப்படித்தான். அதிபரை வெள்ளைச் சேர்ட்டையும் சாவிக்கொத்துச் சத்தத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவருக்கு மீசை இருக்கிறது என்பதே பிறர் சொல்லித் தெரிந்த செய்தி.

என் பக்கத்தில் டிலானி இருந்தாள். அவள் கண்ணுக்கு மதில்மேல் போகும் எறும்பும் தப்பாது. ஆனால் வாசிக்க வராது. எழுத்துகள் தனக்கு நின்ற இடத்தில் நிற்பதில்லை, வகுப்பு முடிந்த மணியடித்தது போல ஓடுகின்றன என்று சொல்வாள். டீச்சருக்கு அது சோம்பல். ஆகவே எனக்கும் டிலானிக்கும் இடையே ஓர் ஏற்பாடு உருவாகியிருந்தது. பலகையில் இருப்பதை அவள் படம் கீறுவது போல என் கொப்பியில் பெரிதாகக் கீறுவாள். நான் அது என்ன எழுத்து என்று அவளுக்குச் சொல்வேன்.

“இது கதிரை மாதிரி ஒண்டு.”

“ட.”

“கதிரைக்குத் தொப்பி போட்டிருக்கு.”

“டி.”

“பிறகு ஏனடி முதலே தொப்பி போட்ட கதிரையெண்டு சொல்லித் தரேல்ல?” என்று அவள் கோபிப்பாள்.

இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மாணவி. பள்ளிக்கூடம் எங்களைப் பார்த்தெழுதும் இரண்டு கள்ளிகளாகக் கணக்கெடுத்தது. “வெக்கமில்லையோ ரெண்டு பேருக்கும்?” என்பார் வகுப்பு டீச்சர். அவர் கெட்டவர் அல்ல. அந்த வகுப்பில் பிள்ளைகள் மிக அதிகம், அவர் ஒருவர். ஆனால் எங்களிடம் ஒரு முறையாவது, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

பெரியப்பா லண்டனில் ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை செய்தார். அங்கே புதியது வாங்கியபோது ஒதுக்கிய பழைய இயந்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, துவாய்களால் சுற்றி அனுப்பியிருந்தார். ஒரு திரை, அதன் பக்கத்திலிருந்து எழுந்து வளையும் நீண்ட கழுத்து, கழுத்தின் நுனியில் ஒரு கமரா. கழுத்தைப் பலகைப் பக்கம் திருப்பினால் பலகை திரைக்கு வரும். குனிய வைத்தால் கொப்பி வரும். ஒரு குமிழைத் திருகத் திருக எழுத்துப் பெருத்துக்கொண்டே போகும். வீட்டில் அதைப் பொருத்திய அன்று மேசையில் ஓடிய எறும்பை அம்மா கமராவுக்குக் கீழே விட்டார். எறும்புக்குக் கால்கள் உண்டு என்பதை அன்றுதான் நான் கண்டேன். அதுவரை அது நகரும் ஒரு புள்ளி.

மறு வாரம் அம்மாவும் நானும் அதை த்ரீவீலரில் மடியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். சாரதி கண்ணாடியில் பார்த்து, “மேக்க மொக்கத்த நோனா?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். இயந்திரத்தை விளக்க அது போதாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “துவகே எஸ்” என்றார். மகளின் கண்கள். அதன் பிறகு அந்த மனிதர் பள்ளிக்கூட வாசல்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். அந்த வருடம் அந்த இயந்திரம் இன்னதென்று முழுதாக விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதிபருக்கு விளங்கிய விதம் வேறு. தனியாரின் மின்சாரப் பொருளைப் பாடசாலைக்குள் பாவிக்க முடியாது, அன்பளிப்பாகத் தந்தால் முடியும் என்றார். அப்பா ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். கையெழுத்துக் கேட்கும் யாரையும் அவர் சந்தேகித்ததில்லை. போட்டுக் கொடுத்தார். அப்போதே அதிபர் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டு, ஸ்கொலர்ஷிப் பரீட்சை எழுதும் வகுப்பு. மூன்றாம் தவணைச் சோதனையைப் பிள்ளை தானே வாசித்து எழுதினால் வகுப்போடு மேலே போகலாம். இல்லாவிட்டால் கொழும்புக்கு வெளியே இப்படியான பிள்ளைகளுக்கென்று விடுதியோடு கூடிய பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுவதே நல்லது. அப்படியான பள்ளிகளில் படித்து உயர்ந்தவர்களைப் பின்னாளில் அறிந்தேன். அவர்களில் இருவர் என் நெருங்கிய நண்பர்கள். என் ஆட்சேபணை அந்தப் பள்ளியைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றி முடிவெடுத்த அந்த அறையில் யாரும் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இயந்திரம் இருந்தால் டிலானி பக்கத்தில் இருப்பாள். இயந்திரம் இல்லாவிட்டால் அவளும் இல்லை, வீடும் இல்லை.

இயந்திரம் உடனே வகுப்புக்கு வந்ததென்று நினைக்கவேண்டாம். அது அதிபரின் அறையில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அப்பா போய்க் கேட்டபோது, “திறந்து வைக்காத பொருளை எப்பிடிப் பிள்ளையிட்டக் குடுக்கிறது?” என்றார் அதிபர். திறந்து வைக்க ஒரு பிரமுகர் வேண்டியிருந்தது. பிரமுகருக்கு நேரம் கிடைக்க ஆடிவேல் விழா வந்துவிட்டது. குத்துவிளக்கு, நாடா, கத்தரிக்கோல் எல்லாம் நடந்தன. கத்தரிக்கோல் வைத்த தட்டை நான் ஏந்தி நின்றேன். “பார்வையற்ற பிள்ளைகளின் வாழ்வில் ஒளி” என்று பிரமுகர் பேசினார். அவர் வேட்டிக்கரை என்ன நிறம் என்பது எனக்குத் தெரிந்தது, அது பச்சை. விழா முடிந்ததும் அவருடைய பெயர் அச்சிட்ட தாளொன்றைத் திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒட்டினார்கள். கரும்பலகையின் அந்த மூலையில்தான் டீச்சர் திகதி எழுதுவார். வகுப்பிலிருந்த எல்லாருக்கும் இன்றைக்கு என்ன திகதி என்று தெரியும்; எனக்கு மட்டும் பிரமுகரின் பெயர் தெரியும். நாளைக் குறித்து வைப்பதில் எனக்குள்ள பிடிவாதம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறை கழிந்து செப்டெம்பரில் உண்மையான பாவனை தொடங்கியது. ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தவள் டிலானி. காலையில் வகுப்புக்குள் போனதும் என் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் துணியால் ஒட்டகச்சிவிங்கியின் கண்ணையும் துடைப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்குமான முகக்கழுவல். பிறகு கழுத்தைத் திருப்புவேன். வெள்ளைப் புகை விலகி, எழுத்து வரும். டீச்சருடைய கையெழுத்து அழகாக இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இடைவேளையில் டிலானி குமிழைக் கடைசிவரை திருகிவிடுவாள். திரை முழுவதும் ஒரே ஓர் எழுத்து, தோசைக்கல் அளவில் நிற்கும். “இது ஓட ஏலாது,” என்பாள். “தனிய மாட்டுப்பட்டுட்டுது.” அப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து, செப்டெம்பர் முடிவதற்குள் பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த ஒரு முழு வரியைத் தானாகவே வாசித்தாள். அந்த இயந்திரத்தை அனுப்பியவருக்கும் தெரியாது, திறந்து வைத்தவருக்கும் தெரியாது, அது ஒருத்திக்கல்ல இருவருக்கு வேலை செய்துகொண்டிருந்தது என்று. யாரேனும் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வருவார்கள், பார்ப்பார்கள், வெளியிலிருந்து அதிகாரிகள் வரும் நாட்களில் மட்டும்.

புரட்டாதியில் வாணி விழா வந்தது. சரஸ்வதிக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிவிட்டால் அன்று படிக்கக்கூடாது என்பதால், எங்கள் எல்லாருக்கும் அந்தத் தெய்வத்தின்மேல் தனியான பக்தி இருந்தது. டிலானி வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை. ஆனாலும் அவல் கடலைக்கு முன்வரிசையில் நிற்பாள். நத்தாருக்குக் கேக், வாணி விழாவுக்கு அவல் என்று தனக்கு இரண்டு பக்கமும் வரும்படி என்பது அவள் கணிப்பு. பாடசாலையின் கல்விச் செல்வம் முழுவதையும் மண்டபத்தில் வைத்தார்கள். ஆர்மோனியம், பூகோள உருண்டை, கணினிகள், விஞ்ஞான அறைத் தராசு, எல்லாவற்றுக்கும் முன்னால், புதியது என்பதால், ஒட்டகச்சிவிங்கி. பூசைக்குப் பொறுப்பான டீச்சர் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் எடுத்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பக்தியோடும் அன்போடும்தான் வைத்தார்.

விஜயதசமி முடிந்து ஒட்டகச்சிவிங்கி வகுப்புக்குத் திரும்பியது. பூசையில் வைத்தெடுத்த பொருளை முதல் நாளே பிள்ளைகள் அளையக்கூடாது என்று வகுப்பு டீச்சரே ஆளியைப் போட்டார். திரை வெளிச்சமானது. ஆனால் பலகை வரவில்லை. கலங்கிய, பழுப்பேறிய மஞ்சள் மட்டும் வந்தது.

“என்ன தெரியுது?” என்றார் டீச்சர்.

“மஞ்சளாத் தெரியுது டீச்சர்.”

“டீச்சர், ஒட்டகச்சிவிங்கிக்குச் செங்கமாரி!” என்று டிலானி கத்தினாள். “கண்ணெல்லாம் மஞ்சள். கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கவேணும்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. “உன்ர வேலைதான். ஒவ்வொரு நாளும் கழுத்தைப் பிடிச்சு முறுக்கு முறுக்கெண்டு முறுக்கினால் வயர் அறாதோ?” என்றார்.

“நான் மெதுவாத்தான் திருப்பினனான் டீச்சர்.”

“இனித் தொடாத. விளங்கிச்சோ? கிட்டவும் போகாத.”

நான் தொடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளை என்று அதுவரை எனக்கு நல்ல பெயர்.

கணினி சேர் வந்தார். செருகியைக் கழற்றிப் பூட்டினார், பின்பக்கத்தில் ஊதினார், திரையைத் தட்டினார். “உள்ளுக்க போயிட்டுது,” என்றார். அதிபர் வந்தார். “இப்பிடியான பிள்ளைகளிட்ட விலை கூடின சாமானைக் குடுத்தால் இதுதான் நடக்கும்,” என்று என் தலைக்கு மேலால் சொன்னார். சாவிக்கொத்து கிலுங்கியது. ஒட்டகச்சிவிங்கி அவருடைய அறையிலுள்ள கண்ணாடி அலுமாரிக்குப் போனது. விளையாட்டுப்போட்டிக் கேடயங்களுக்கு நடுவில் அதை வைத்துப் பூட்டினார்கள்.

இத்தனை பேர் அதைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் நல்ல கண்கள். பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் பார்க்காமல் போனால், அதன் கண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அதன் முதுகைப் பார்த்தார்கள், வயரைப் பார்த்தார்கள், என் கைகளைப் பார்த்தார்கள்.

அப்பா இயந்திரத்தைத் திருத்தக் கொண்டுபோகக் கேட்டார். அது இப்போது பாடசாலைச் சொத்து, வெளியே எடுப்பதானால் மேலிடத்தில் அனுமதி பெற வேண்டும் என்று பதில் வந்தது. அப்பா அனுமதி கேட்டு எழுதினார். பதில் இல்லை. அதை நினைவூட்டி இன்னொன்று எழுதினார்.

“நீங்கள் ‘மதிப்புக்குரிய ஐயா’ போட்டு முடிக்கிறதுக்குள்ள அவளுக்குக் கலியாணம் முடிஞ்சிடும்,” என்றார் அம்மா.

“அதிபரோட கொளுவி என்ன காணப்போறம்? பிள்ளை அங்கதானே இருக்கவேணும்.”

“அதுதான் இல்லையெண்டுறார் அந்த மனுசன்!”

ஐப்பசி போனது. நானும் டிலானியும் கதிரைக்கும் தொப்பிக்கும் திரும்பினோம். டீச்சர் எங்களைப் பிரித்து, அவளைக் கடைசி வாங்கில் இருத்தினார். பிடிபட்ட எழுத்துகள் எல்லாம் அவளிடமிருந்து மீண்டும் ஓடத் தொடங்கின. ஒரு நாள் இடைவேளையில் அதே பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுத் தன் கடைசி வாங்குக்குப் போனாள். அவளுடைய அந்த வாரங்களைப் பற்றி யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவள் பெயரில் எந்தப் பெட்டியும் லண்டனிலிருந்து வராததால், அவள் இழந்ததென்று எவருக்கும் தெரியவும் இல்லை.

கார்த்திகை மழையில், சோதனைக்கு முந்தின வாரம், அதிபர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். சோதனையைப் பிள்ளையால் வாசிக்க ஏலாது, பள்ளியை விட்டு விலகும் விடுகைப் பத்திரம் எழுதியாயிற்று, வந்து வாங்கிக்கொள்ளவும் என்பது செய்தி. அம்மா வீட்டிலிருந்த கோலத்தில் ஓடப் பார்த்துவிட்டு, நின்று, சேலையை எடுத்து உடுத்தினார். சேலை உடுக்காத தாய்மாரை எங்கள் பள்ளிக்கூட வாசலில் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். உலகம் இடிந்தாலும் கொசுவம் மடித்துக்கொண்டுதான் வரவேண்டும். “இதுக்கும் ஒரு சட்டம்,” என்று ஊசியைப் பல்லில் கடித்தபடியே திட்டினார்.

என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அதிபரின் அறையில் அம்மா கதிரை விளிம்பில் இருந்தார். நனைந்த குடையின் மணம். மேசையில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது.

“அங்க ஹொஸ்டல் இருக்கு, இவையளுக்கெண்டே படிச்ச டீச்சர்மார் இருக்கினம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அதிபர். “இப்பிடியான பிள்ளைகளை இங்க வச்சு நாங்கள் வதைக்கக் கூடாது அம்மா. பிள்ளையின்ர நன்மைக்குத்தான் சொல்லுறம்.”

“இப்பிடியான பிள்ளைகள் எண்டு என்ர வீட்டில கனபேர் இல்லை சேர். ஒருத்திதான். இவள்தான்.”

“டிலானியும் அங்க வருவாளோ சேர்?” என்று நான் கேட்டேன்.

அதிபர் சிரித்தார். “டிலானிக்குக் கண் தெரியும்தானே.”

“அவளுக்கு வாசிக்கத் தெரியாது சேர்.”

அதிபர் முத்திரை எடுக்க எழுந்து கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். கேடயங்கள் ஒன்றோடொன்று மோதின. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, கதவு விட்டதும் தானாக வெளியே சாய்ந்தது. அவ்வளவு நாளும் கதவு அதன் முகத்தை அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. தொடக்கூடாது என்ற சொல் எனக்கு நினைவிருந்தது. ஆனால் நான் இனி இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையே. கிட்டப் போய், போயிட்டு வாறன் என்று சொல்ல முகத்தை அதன் முகத்தோடு வைத்தேன்.

கோயில் மணத்தது.

துணியால் ஒவ்வொரு நாளும் துடைத்த கண் அது. அதன் வழவழப்பு என் விரலுக்கு மனப்பாடம். இப்போது அங்கே காய்ந்த சேறு போல ஏதோ பொருக்குப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது.

“அம்மா, இதின்ர கண்ணில ஆரோ பொட்டு வச்சிருக்கினம்.”

அம்மா எழுந்து வந்தார்.

“ஓம், அது பூசையில வச்சது,” என்றார் அதிபர், முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே. “எல்லாத்துக்கும்தான் வச்சது. பிள்ளை, அதைச் சுரண்டக் கூடாது.”

ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. டீச்சருக்கும் தெரிந்திருக்கும், கணினி சேருக்கும் தெரிந்திருக்கும். எல்லாரும் அந்தப் பொட்டைக் கண்டிருக்கிறார்கள். பொட்டு பழுதல்லவே. பொட்டு மங்கலம். மங்கலமாக ஒன்று இருக்கும் இடத்தில் குறையைத் தேட எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. ஆகவே குறையை என் கைகளில் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

அம்மா குனிந்து அந்தக் கமராவின் கண்ணைப் பார்த்தார். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், மிக மெதுவாகச் சொன்னார்.

“சேர், நெத்தியில வச்சால் பொட்டு. உங்கட கண்ணைத் திறந்து வச்சு நான் அதுக்குள்ள ஒரு சொட்டுச் சந்தனம் அப்பிவிடட்டே? அதுக்குப் பிறகு நீங்கள் இந்தப் பேப்பரை வாசிச்சுக் காட்டுங்கோ.”

“அம்மா, கொஞ்சம் மரியாதையாக் கதைக்கவேணும்—”

அம்மா அதற்காக நிற்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டாயப்படுத்தி உடுக்க வைத்த சேலையின் தலைப்பை எச்சிலால் நனைத்து, ஒட்டகச்சிவிங்கியின் கண்ணைத் துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத்தான். பிறகு இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி விடுகைப் பத்திரத்தின் மேலேயே வைத்தார். அதிபரின் கேத்தலைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் இதைச் செருகினார். ஆளியைப் போட்டேன்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள். ஒட்டகச்சிவிங்கி அன்றே வகுப்புக்கு வந்தது. அடுத்த வாரம் சோதனைத் தாளை நானே வாசித்து எழுதினேன். ஜனவரியில் வகுப்போடு ஐந்தாம் ஆண்டுக்குப் போனேன். ஸ்கொலர்ஷிப்பில் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் எடுத்தேன். அதனால் பள்ளிக்கூடம் இடிந்து விழவில்லை. டிலானி இடைவேளைகளில் எழுத்துகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பிடித்தாள். இன்று அவள் மாளிகாவத்தையில் ஒரு பாமசியில், டொக்டர்மாரின் கையெழுத்தை வாசித்து மருந்து கொடுக்கிறாள். அடுத்த வாணி விழாவில் பூசை டீச்சர் கிண்ணத்தோடு வந்து, “எங்கயம்மா வைக்க?” என்று என்னிடம் கேட்டார். திரையின் முதுகைக் காட்டினேன். என்னைக் குற்றம் சொன்னவர்களில் யாரும் பிறகு அது என் குற்றமில்லை என்று சொல்லவில்லை. அதற்கொரு விழா எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் ஆளியைப் போட்ட கணத்தில் கண்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கமராவின் கழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. திரை வெளிச்சமாகி, ஒரு கணம் கலங்கி, தெளிந்தது. தெளிந்தபோது அதில் பலகை இல்லை, எழுத்து இல்லை. திரை நிறைய அதிபரின் முகம் இருந்தது. முதன்முறையாக அவரைக் கண்டேன். மீசை உண்மைதான். அதில் ஒரு நரை. நெற்றியில், இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது! சந்தோசத்தில், “சேர், வருது சேர்! நீங்கள் வாறீங்கள்!” என்று கத்தினேன். அவரும் சிரிப்பார் என்று திரையைப் பார்த்துக் காத்திருந்தேன். பழுதான பொருள் திருந்தினால் எல்லாருக்கும் சந்தோசம்தானே. எங்கள் வீட்டில் மின்விசிறி திரும்ப ஓடினால்கூட அப்பா கைதட்டுவார்.

அந்த முகம் சிரிக்கவில்லை. கன்னங்கள் தொங்கி, வாய் இறுகி, கண்கள் எங்கேயோ விலகிப்போய், எதையோ கைநழுவ விட்டவர் போல இருந்தது. அதன்மேல் ஒரு நிழல் இருந்தது.

கமராவின் கண்ணாடியில் இன்னும் சந்தனம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்து, ஒட்டகச்சிவிங்கியின் கண்ணை ஒரு மூலையும் விடாமல் இன்னொரு முறை துடைத்தேன்.

முகம் அப்படியேதான் இருந்தது.